ஆல்பம் முடியும்வரை பேச்சு இல்லை: குமரியில் கூடிக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். யாராவது ஒருவர் தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பத்தைக் கொண்டுவருவார். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எல்லாரும் உட்கார்ந்து கேட்போம். அப்புறம் சாயா வரும், வாக்குவாதம் தொடங்கும். தக்கலையிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. "எங்க ஊர்லயும் இதுமாதிரி ஒண்ணு தொடங்கணும், எப்படிண்ணே?" என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் முதல் கூட்டம் உருப்படவில்லை. பதினான்கு பேர் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு பாட்டு என்று முடிவு செய்து, செல்போனைக் கைமாற்றிக்கொண்டே போனோம். ஒருவர் பாட்டு ஓடும்போது மற்றவர்கள் தங்கள் முறைக்கு என்ன வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு இசையமைப்பாளர்களைப் பற்றிய பழைய சண்டை கிளம்பி, நெருங்கிய நண்பர்கள் இருவர் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள். அதில் ஒருவர் பிறகு வரவேயில்லை. அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. கீழே சொல்லும் ஒழுங்குகள் பெரும்பாலும் அந்த ஒரு மாலையிலிருந்து வந்தவை.

முதலில் ஆட்கள்

நான்கு பேர் போதும். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். எட்டைத் தாண்டினால் பேசுகிறவர்கள் மூன்று பேர், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மீதிப்பேர் என்று ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரே ரசனை இருக்கக் கூடாது. படப்பாட்டு மட்டும் கேட்கிற ஒருவர், சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற ஒருவர், கச்சேரிக்குப் போகிற ஒருவர், ராக் கேட்கிற கல்லூரிப் பையன் ஒருவன் என்று கலந்திருந்தால் பேச்சு நன்றாக இருக்கும். நான்கு பகுதியாகப் பிரிந்து பாடும் பாட்டில் ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் எங்கே தனியாகப் பிரிகிறது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் சர்ச் குழுவில் பாடுகிற ஒரு அக்காதான். அதுவரை எங்களுக்கு மேல் குரல் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

இடமும் நேரமும்

குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தகர ஷீட் போட்ட மாடியில் ஜூன் மாதமோ அக்டோபர் மாதமோ கூட்டம் வைத்தால் பாதிப் பாட்டு மழைக்குள் போய்விடும். அந்த மாதங்களில் கான்கிரீட் வீடு பாருங்கள். இல்லையென்றால் தனி வீணை, தனி பியானோ போன்ற மெல்லிய ஆல்பங்களைத் தை, மாசிக்கு ஒத்திவையுங்கள்.

கோவில் கொடைத் திருவிழா நாட்களில் கூட்டம் வைக்க வேண்டாம். ஒலிபெருக்கியோடு போட்டி போட முடியாது, போடவும் கூடாது. கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை நடக்கும். அந்தப் பத்து நாளும் எங்கள் அறைக்கு ஓய்வு.

கொடைக்குப் போங்கள் என்றுதான் புதியவர்களிடம் சொல்கிறேன். வில்லுப்பாட்டு நடக்கும் இடத்தில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஒரே கதை, பல மணி நேரம். நடுவில் தாவ முடியாது, பிடித்த இடத்துக்குத் திரும்ப முடியாது. சாமி பிறந்து, வளர்ந்து, கொல்லப்பட்டு, தெய்வமாகும் வரை வரிசையாகக் கேட்டே ஆக வேண்டும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் ஒவ்வொரு ஆண்டும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகிறாளே, அங்கே நவராத்திரி மண்டபத்தில் நடக்கும் கச்சேரிகளும் இதற்கு நல்ல பாடம். ஒன்பது நாளுக்கு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள், நாளுக்கு ஒன்று. யாரும் கைதட்டுவதில்லை. பாடி முடிந்ததும் அந்த அமைதி அப்படியே நிற்கும். எங்கள் மாடியில் ஆல்பம் முடிந்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேசுவதில்லை என்ற வழக்கத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

அறையைத் தயார் செய்வது

விலை உயர்ந்த சாமான் தேவையில்லை. ஆனால் ஸ்பீக்கர் இரண்டு வேண்டும். கையடக்கமான புளூடூத் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இடது பக்க ஒலியும் வலது பக்க ஒலியும் ஒரே பெட்டிக்குள் கலந்துவிடும். வயலின் இடது பக்கமும் புல்லாங்குழல் வலது பக்கமும் இருக்கும்படி ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்திருப்பார். நாம் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கேட்டுவிட்டு "ஒரே சத்தமா இருக்கு" என்று சொல்வது நியாயமில்லை.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரத்தில் கேட்கிறவர்கள் உட்கார வேண்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்கட்டும். சுவர் மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் என்கிற தாழ்ந்த ஸ்ருதி ஒலி கொழகொழவென்று வீங்கும், ஓரடி ஒன்றரையடி முன்னால் இழுத்தால் தெளியும். டைல்ஸ் தரை எதிரொலிக்கும். ஜமக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குத் திரை போடுங்கள். பத்துப் பைசா செலவில்லாமல் ஒலி பாதிக்குப் பாதி திருந்துவதை அன்றைக்கே கேட்கலாம்.

செல்போனில் கேட்பதாக இருந்தால் சில காரியங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் கலக்கிற வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். முந்தின நாளே தரவிறக்கி வைத்துக்கொண்டு, தொடங்கும்போது போனை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். உச்சக்கட்டத்தில் அத்தையின் அழைப்பு வந்தால் அத்தை மேலேயும் கோபம் வரும்.

ஒலி அளவை முதல் பாட்டில் ஒருமுறை வைத்தால் கடைசிவரை தொடக் கூடாது. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பேஸ் போன்ற தாழ்ந்த ஸ்ருதி ஒலிகளைச் சரியாக வாங்காது. 1933ஆம் ஆண்டே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியாத அளவு, அதே நேரம் காது வலிக்காத அளவு. அதுதான் எங்கள் கணக்கு.

ஆல்பம் என்று எதைச் சொல்கிறோம்

இதைப் புரிந்துகொண்டால் பாதி சண்டை குறையும். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசை என்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் போட்டு, புகைப்பட ஆல்பம் போலப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. 1948ல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி. தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பதிவு செய்ய முடிந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாற்பது நிமிடம் சொச்சம். இந்த நாற்பது நிமிடத்துக்குள்ளேயே எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று யோசிக்க இசைக்காரர்கள் பழகினார்கள்.

தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளியும் இசையின் ஒரு பகுதிதான். அதனால் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும், இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு மறுபடி திறக்கிற மாதிரி இருக்கும். செல்போனில் அந்த இடைவெளி காணாமல் போய்விட்டது. எல்.பி., கேசட் காலத்து ஆல்பம் என்றால் எங்கே பக்கம் மாறுகிறது என்று முன்கூட்டியே பார்த்துவைத்து, அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். 1982ல் சி.டி. வந்த பிறகு எழுபது நிமிடத்துக்கு மேலும் தொடர்ச்சியாக வைக்க முடிந்தது. எனக்கு என்னவோ, அதனால் பல ஆல்பங்கள் தேவைக்கு மேல் நீண்டுவிட்டன என்றே தோன்றுகிறது. எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

சரி, படப்பாட்டுத் தொகுப்பு ஆல்பமா? ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கேள்வி வரும், உங்களிடமும் வரும். படத்தின் ஐந்தாறு பாடல்களும் கதையில் வெவ்வேறு இடத்துக்காகச் செய்யப்பட்டவை. கேசட்டிலும் சி.டி.யிலும் இருக்கும் வரிசை படத்தில் வரும் வரிசையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பின்னணி இசை பெரும்பாலும் தொகுப்பில் இருப்பதே இல்லை. அதனால் "இந்த வரிசை ஏன்?" என்ற கேள்வியை அங்கே கேட்டுப் பயனில்லை. ஆனால் ஒரே ஆள் ஒரே காலகட்டத்தில், ஒரே வாத்தியக் குழுவை வைத்து ஐந்து விதமான சூழ்நிலைகளுக்கு எப்படி இசை எழுதினார் என்று கேட்டால் அருமையான பேச்சு கிடைக்கும். நாங்கள் படப்பாட்டை விலக்குவதில்லை. அதற்கான கேள்வியைத்தான் மாற்றிக்கொள்கிறோம்.

முதல் மூன்று மாதத்துக்கு என்ன கேட்கலாம்

முதல் கூட்டத்துக்கு இளையராஜாவின் ஹௌ டு நேம் இட் நல்லது. 1986ல் வந்தது. படத்துக்காகச் செய்யாதது, பாட்டு வரிகள் இல்லாதது, எல்லாருக்கும் தெரிந்த ஆள். வயலின் வி.எஸ்.நரசிம்மன். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாகுக்கும் செலுத்திய காணிக்கை. வரிசையாகக் கேட்பது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு துண்டின் பெயர், பாகை என் வீட்டில் சந்தித்தேன் என்று பொருள்படும். அதற்கு அடுத்ததன் பெயர், பிறகு நாங்கள் பேசிக்கொண்டோம் என்று பொருள்படும். இரண்டையும் பிரித்துக் கேட்டால் சந்திப்பு ஓரிடத்தில், பேச்சு ஓரிடத்தில் என்று கிடக்கும். அடுத்தடுத்துக் கேட்டால்தான் யார் முதலில் பேசினார், யார் பதில் சொன்னார் என்று வாதிட முடியும். நாங்கள் வாதிட்டோம், இரவு ஒன்பது மணி வரை.

இரண்டாவதாக, இந்திய இசையையும் ஜாஸையும் கலந்து வாசித்த ஷக்தி குழுவின் முதல் ஆல்பம். ஜான் மெக்லாஃப்லினின் கிடார், எல்.சங்கரின் வயலின், ஜாகிர் ஹுசேனின் தபேலா, டி.எச்.விநாயக்ராமின் கடம். 1975ல் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து 1976ல் வெளியிட்டார்கள். மூன்றே துண்டுகள்தான், கடைசி ஒன்று மட்டும் ஏறக்குறைய அரை மணி நேரம். புதியவர்களுக்கு அந்த நீளம் பயமாக இருக்கும். பயப்படாமல் வையுங்கள்.

இந்த ஆல்பத்தைக் கேட்ட நாளை நான் மறக்க மாட்டேன். எங்களில் ஒரு அண்ணாச்சியின் மாமா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். அண்ணாச்சி இசைத்துறை வார்த்தை ஒன்றுகூடத் தெரியாதவர், அதுவரை கூட்டத்தில் வாயே திறக்காதவர். அன்றைக்கு ஆல்பம் முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார். "வில்லுக்குடத்துக்கு வாயிலதான் உயிரு. பத்திங்கிற மட்டையால வாயில அடிச்சா 'தும்'னு நிலம் அதிரும். இவரு குடத்துக்க வாயை வயித்துல வச்சு அமுக்கி, விரலால உடம்புல பேசுகாரு. ரெண்டும் மண்ணுதான், ஆனா அது சாமிய எழுப்பும், இது மனுசன்கிட்ட கதை சொல்லும்." அன்று முழுவதும் அதையே பேசினோம். கடம் அந்த இசையை முன்னால் இழுத்துப் போகிறதா, தபேலா இழுத்துப்போகும் வண்டியில் ஏறிக்கொள்கிறதா என்று இரண்டு கட்சி ஆனது. தீர்க்க முடியாமல் கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். எனக்குக் கடம் இழுப்பதாகத்தான் இன்றும் கேட்கிறது.

மூன்றாவதாக மைல்ஸ் டேவிஸின் கைண்ட் ஆஃப் ப்ளூ, 1959. ஐந்து துண்டுகள், முக்கால் மணி நேரம். ஜாஸ் பழக்கமில்லாதவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள், அவசரமே இல்லாத இசை.

நான்காவதாக நம் ஊர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் (1839–1900) செய்த 'என்றைக்கு சிவகிருபை' முகாரி ராகத்தில் அமைந்தது. இரண்டு பாடகர்களின் கச்சேரிப் பதிவுகளில் இந்தப் பாட்டு இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஆல்பம் முழுவதற்கும் முன்னால் இப்படி ஒரே பாட்டை இரண்டு குரலில் கேட்பது காதைக் கூர்மையாக்கும். பாடியவரின் அழுகையா, ராகத்தின் அழுகையா என்று பிரித்துப் பார்க்க முடிகிறதா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். நீலகண்ட சிவன் நடந்த தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எங்களில் இரண்டு பேருக்குக் கண் கலங்கியது.

கேட்கும்போது

பேச்சு இல்லை. தலையாட்டலாம், தொடையில் தாளம் போடலாம். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். ஏதாவது சட்டென்று பிடித்துக்கொண்டால் நிமிடத்தையும் நொடியையும் மட்டும் குறித்தால் போதும். "4:10, பேஸ் நின்னுபோச்சு" என்பது போல. கருத்து எழுத ஆரம்பித்தால் அடுத்த முப்பது நொடி காதில் விழாது.

தின்பதற்கு ஏத்தங்காய் சிப்ஸ் வைக்காதீர்கள். முறுமுறுப்பு எல்லாருக்கும் கேட்கும். மட்டிப்பழம் சத்தமில்லாதது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் ஆல்பம் முடிந்த பிறகு.

வாக்குவாதம்

எங்கள் முறை இப்படி. கொண்டுவந்தவர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவருக்காக இரக்கப்பட்டுப் பேசுவார்கள், அல்லது அவரைச் சீண்டுவதற்காகப் பேசுவார்கள். புதிதாக வந்தவர் முதலில் பேசட்டும், அவர் காது இன்னும் நம் பழக்கத்துக்குள் வரவில்லை.

'சூப்பர்', 'மொக்கை' இரண்டும் செல்லாது. எந்த இடத்தில், என்ன கேட்டது, உனக்கு என்ன ஆனது. இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "மூணாவது பாட்டுல பெண்குரல் வந்ததும் அறை பெருசாயிட்டு" என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அந்த இடத்தில் எதிரொலியைக் கூட்டியிருந்தார்கள். சொல் தெரியாமலே அவள் சரியாகக் கேட்டிருந்தாள்.

இசையமைப்பாளர்களை ஒப்பிடக் கூடாது, இசையை ஒப்பிடலாம். இளையராஜாவா ரஹ்மானா என்பதற்கு எங்கள் அறையில் இடமில்லை. இவருடைய இந்தப் பாட்டில் வயலின்கள் வரும் விதமும் அவருடைய அந்தப் பாட்டில் வயலின்கள் வரும் விதமும் என்றால் இரண்டையும் ஓட்டிவிட்டுப் பேசலாம். முதல் கூட்டத்திலேயே இந்த விதி இருந்திருந்தால் ஒரு நண்பரை இழந்திருக்க மாட்டேன்.

பேச்சு முட்டிக்கொண்டால் முதலில் கேட்க வேண்டியது: "நீ கேட்டது எந்தப் பதிப்பு?" கைண்ட் ஆஃப் ப்ளூ இதற்கு நல்ல உதாரணம். பதிவு நாளில் டேப் ஓடிய வேகத்தில் சிறு பிசகு இருந்ததால், முதல் பக்கத்தின் மூன்று துண்டுகளும் பல பத்தாண்டுகளாக வெளிவந்த பதிப்புகளில் ஸ்ருதி லேசாக ஏறியே இருந்தன. 1992 மறுபதிப்பில்தான் திருத்தினார்கள். பழைய தட்டில் கேட்டவரும் புதிய சி.டி.யில் கேட்டவரும் ஸ்ருதியைப் பற்றிச் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இரண்டு பதிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒலி அளவைச் சமப்படுத்திவிடுங்கள். கொஞ்சம் சத்தமாக ஓடுவது எப்போதுமே நல்லதாகக் கேட்கும், காது அப்படி.

ஒருவர் மனம் நொந்துவிட்டார் என்று தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தி, அவர் சொன்ன இடத்தைத் திரும்ப ஓட்டுங்கள். "மக்கா, நீ சொன்ன எடத்தை இன்னொரு தடவை கேப்போம்" என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகும் கோபம் நீடித்ததை நான் பார்த்ததில்லை.

ஒருவருக்கொருவர் கொடுப்பது

ஆல்பத்தைப் பிரதியெடுத்துப் பரப்ப வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு காப்புரிமை உண்டு. பெயரைச் சொல்லுங்கள், எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள், முடிந்தால் வாங்குங்கள். சி.டி.யையோ கேசட்டையோ கடன் கொடுத்தால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் கேசட்டுகளை ஜன்னல் பக்கம் அடுக்காதீர்கள். உப்புக்காற்றில் உள்ளே இருக்கும் சின்ன உலோகத் தகடு துருப்பிடிக்கும், டேப் பூஞ்சை பிடிக்கும். மூடுகிற டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு, நிமிர்த்தி வையுங்கள். வருஷக்கணக்கில் ஓடாத கேசட்டை நேராகப் போட்டுக் கேட்காமல், முதலில் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். பிளேயரில் டேப் உரசும் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மங்கிய பாட்டு திரும்பி வரும்.

நோட்டு

ஒரு சாதாரண இருநூறு பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, ஆல்பம், கொண்டுவந்தவர், எந்தப் பதிப்பு, ஒவ்வொருவரும் சொன்ன ஒரு வரி. அவ்வளவுதான். மதிப்பெண் போடாதீர்கள். நாங்கள் முதல் ஆறு மாதம் பத்துக்கு இத்தனை என்று போட்டுப் பார்த்தோம். எண்ணைப் பார்த்ததும் எல்லாரும் எண்ணைப் பற்றியே பேசினார்கள்.

ஆறு மாதம் கழித்து, பெரிய சண்டை நடந்த ஒரு ஆல்பத்தை மறுபடி வையுங்கள். கேட்டு முடித்த பிறகுதான் நோட்டைத் திறக்க வேண்டும், ஒவ்வொருவரும் தன் பழைய வரியைத் தானே வாசிக்க வேண்டும். குலசேகரம் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தது அப்படி ஒரு நாளில்தான். கடம் வண்டியில் ஏறிக்கொள்கிறது என்று அன்றைக்கு அடம் பிடித்தவர் அவர். தன் வரியை வாசித்துவிட்டு, பென்சிலை வாங்கி, அதன் கீழே புதிதாக ஒரு வரி எழுதினார். அன்றிரவு அவரை என் பைக்கில் கொண்டுபோய் விட்டேன்.